மயானப் பாதை மனு

1

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் நிர்வாகச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு வருடா வருடம் ஃபெல்லோஷிப் கொடுக்கிறது. நிர்வாகச் சட்டம் என்றதும் ஊரில் பல பேர் ஏதோ கம்பெனி மேனேஜ்மெண்ட் படிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாசில்தார், கலெக்டர், முனிசிபாலிட்டி, பாஸ்போர்ட் ஆபீஸ் என்று நம் தலைக்கு மேல் இருக்கிற அலுவலகங்கள் நம்மிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. ஒருவனுக்குப் பாதகமாக உத்தரவு போடுமுன் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். போட்ட உத்தரவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மனு கொடுத்தால் நியாயமான காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மொத்தச் சட்டத்தையும் பிழிந்தால் இந்த மூன்றுதான் மிஞ்சும். இந்த மூன்றை வைத்துத்தான் நான் ஹாலந்தில் சோறு தின்கிறேன்.

இந்த வருடத் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். தலைவர் யான், எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நாக்கு கூசுகிறது. கடைசிச் சுற்றில் இரண்டு விண்ணப்பங்கள் நின்றன, இரண்டுமே இந்தியாவிலிருந்து வந்தவை. ஒன்று ஒரு டெல்லிப் பையனுடையது. முதலீட்டாளர் கொடுத்த மனுவுக்குக் கெடு தேதிக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றி அவன் எழுத விரும்பினான். இன்னொன்று ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண். விதவைப் பென்ஷன் கேட்டு மனுப் போட்டுவிட்டுப் பதில் வராமலே செத்துப்போகிற பெண்களைப் பற்றி எழுத நினைத்திருந்தாள்.

நான் அந்தப் பெண்ணுக்காகப் பேசினேன். யான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அலுவலகங்களின் மௌனத்தைப் பற்றி நீயே எழுதிவிட்டாயே, அமுதா. அதில் இனிமேல் புதிதாக என்ன இருக்கிறது? இந்தப் பையன் தீர்வைப் பற்றி எழுதுகிறான்."

"யாருக்குத் தீர்வு?" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பையனுக்கு இரண்டு ஓட்டு, பெண்ணுக்கு என் ஓட்டு மட்டும். காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

சைக்கிளை எடுக்கப் போகும்போது தம்பி செல்வம் போன் செய்தான். அவன் எங்கள் ஊரிலேயே இருக்கிறான். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய கிராமம். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறான், மீதி நேரத்துக்கு ஒரு டிராக்டர் வைத்திருக்கிறான்.

"அக்கா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. மயான விஷயமா. விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். மயானத்துக்குப் பாதை கேட்டு எங்கள் அம்மா போட்ட மனுதான் நினைவுக்கு வந்தது. "நிஜமாவா? நம்ம மனுவுக்கா?"

"நம்ம மனுவுக்கு இல்லக்கா," என்றான் செல்வம். "அவங்க மனுவுக்கு."

2

எங்கள் காலனித் தெருவுக்கு மயானம் உண்டு, அதற்குப் போகப் பாதை கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதரை ஒட்டி ஒரு மேட்டுத் துண்டு. இடையில் இருப்பது முழுக்க ஒரே குடும்பத்தின் வயல். ஊரில் அவரைப் பண்ணையார் என்றுதான் சொல்வார்கள், இங்கேயும் அது போதும். கோடையில் செத்தால் பிரச்சினை இல்லை, வெட்டவெளியாகக் கிடக்கும் வயலில் நடந்து போய்விடலாம். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்த பிறகு செத்தால்தான் கஷ்டம். வரப்பு ஒரு ஆள் அகலம். பாடையை நாலு பேர் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் தூக்குகிறவர்கள் பயிருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் பண்ணையின் காரியக்காரர் வரப்பு முனையில் வந்து நிற்பார். சத்தம் போட மாட்டார், சும்மா நிற்பார். அடுத்த மாதம் எந்த வீட்டுக்கு நடவு வேலை இல்லை என்பது அப்போது முடிவாகிவிடும்.

அப்பா ஒரு ஐப்பசியில் இறந்தார். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் முழங்கால் சேற்றில் தடுமாறினார்கள். பாடை ஒரு பக்கம் சரிந்து அப்பாவின் கை வெளியே வந்து நெற்பயிரில் உரசிக்கொண்டே போனதாகச் சொன்னார்கள். நாங்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டோம், பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. ஆனால் அம்மாவுக்கு யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா என்னை உட்கார வைத்தாள்.

"எழுதுடி. கலெக்டர் ஐயா அவர்களுக்குன்னு போடு. எங்களுக்குப் பாதை வேணும். பொணம் போற அளவுக்கு அகலம் போதும். நாங்க அதுல நடந்து வயலப் பாக்கப் போறதில்ல, செத்தாத்தான் போவோம்னு எழுது."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"ஏன், பொய்யா சொல்றேன்?"

எழுதினேன். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. நடவு, களை, அறுப்பு, அதோடு மனு. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவாள். வரிசையில் நின்று கொடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்திய சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். கலெக்டர் ஆபீஸ் அதைத் தாலுகாவுக்கு அனுப்பும். தாலுகா ஆர்.ஐ.க்கு, அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு, அனுப்பும். அவர் வி.ஏ.ஓ.வைக் கேட்பார். வி.ஏ.ஓ. பண்ணை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார். அங்கே மனு நின்றுவிடும். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அம்மா வேறு வழி பார்த்திருப்பாள். எப்போது போய்க் கேட்டாலும் ஒரே வார்த்தை: பரிசீலனையில் இருக்கு.

நான் சட்டம் படிக்கப் போனதே இதனால்தான். மெட்ராஸில் படித்து, கோர்ட்டில் பதிவு செய்து, ஒரு சீனியரிடம் சேர்ந்ததும் நான் போட்ட முதல் ரிட் மனு எங்கள் மயானப் பாதைக்குத்தான். நீதிபதி இரண்டே நிமிடத்தில் உத்தரவு சொன்னார்: மனுதாரரின் கோரிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி பன்னிரண்டு வாரத்துக்குள் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்க வேண்டும்.

ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்குத் தந்தி அடித்தேன். அம்மா தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாளாம். நான் ஊருக்குப் போய் உத்தரவைப் படித்துக் காட்டியபோது அவள் கடைசி வார்த்தையில் நிறுத்தினாள்.

"பரிசீலிக்கணும்னா?"

"யோசிச்சுப் பாக்கணும்னு அர்த்தம்மா."

"அதத்தானடி இத்தன வருஷமா பண்ணிக்கிட்டிருக்கான்."

பன்னிரண்டு வாரம் போனது. கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டேன். பரிசீலித்தோம், மேலும் விவரம் கேட்டிருக்கிறோம் என்று அரசு வக்கீல் சொன்னார். வழக்கு முடிந்துபோனது.

3

தாராளமயம் வந்த புதிது. மெட்ராஸில் தெருவுக்கு ஒரு ஐ.எஸ்.டி. பூத் முளைத்தது. என்னோடு படித்தவர்களெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப் போனார்கள். நான் மட்டும் அரசாங்கம் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிர்வாகச் சட்ட ஆராய்ச்சிக்கு ஹாலந்தில் ஃபெல்லோஷிப் என்று என் சீனியர்தான் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். 'பதில் சொல்லாத அலுவலகம்' என்று தலைப்பு வைத்து எழுதிப் போட்டேன். நேர்காணலுக்கு வந்த மூன்று வெள்ளைக்காரர்களிடம் எங்கள் மயானக் கதையைச் சொன்னேன். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யான் மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "அருமையான உதாரணம்" என்றார்.

அப்போது எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. அப்பாவின் கை நெற்பயிரில் உரசியது இவர்களுக்கு ஒரு உதாரணம்.

கிளம்பும்போது அம்மா அழவில்லை. "எதுக்குப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம மனுவப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணப் போறேன்."

"மனு இங்கதான இருக்கு?" என்றாள். பிறகு அவளே, "சரி போ, அங்க இருக்கவனாவது கேக்குறானா பாரு," என்றாள்.

ஹாலந்து என் ஆராய்ச்சிக்குத் தோதான நாடு. இங்கே கெடு தேதிக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால், மறுத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நேரே வழக்குப் போடலாம். மௌனத்தையும் ஒரு பதிலாக எண்ணும் சட்டம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் முந்தானையில் இருந்த ஒவ்வொரு சீட்டும் இங்கே ஒரு வழக்கு ஆகியிருக்கும்.

இரண்டாம் வருடம் என் தங்கும் அனுமதி காலாவதியானது. புதுப்பிக்க பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டவர் பிரிவில் மனுக் கொடுத்தேன். எல்லாருக்கும் நடப்பதுதான், சில வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கார்த்திகை மாதம், இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அம்மாவுக்குக் காமாலை முற்றி நினைவு தப்பிவிட்டது என்று செல்வம் பாபநாசம் பூத்திலிருந்து பேசினான்.

"எப்பக்கா வர?"

"நாளைக்கே கிளம்பறேன்டா."

மறுநாள் காலை கவுண்டரில் போய் நின்றேன். என் பாஸ்போர்ட் வேண்டும், ஊருக்குப் போய்த் திரும்பி வர ஒரு சீட்டு வேண்டும், என் மனு பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிப் பார்த்தேன். அந்த மொழியில் காத்திருப்பதற்கும் கர்ப்பமாக இருப்பதற்கும் சொற்கள் ஏறக்குறைய ஒன்று. கவுண்டரில் இருந்த பெண் முகம் மலர்ந்து எழுந்து நின்று கை கொடுத்தாள். "வாழ்த்துகள்! எத்தனையாவது மாதம்?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்ன பிறகு அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என் ஃபைல் வேறு ஊரில் இருக்கிறது, பாஸ்போர்ட் அதோடு இருக்கிறது என்றாள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே பெயர்த்தால் 'சிகிச்சையில் இருக்கிறது' என்று வரும். நம் ஊரில் பரிசீலனை, இங்கே சிகிச்சை.

யான் தானே போன் போட்டுப் பேசினார். அவர் குரலுக்கு மரியாதை இருந்தது, ஃபைல் வரவில்லை. "வழக்குப் போடலாமா?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சட்டப்படி அவர்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அமுதா. அதுவரை அவர்கள் தாமதிக்கவே இல்லை."

நான்கு நாள் கழித்து அம்மா இறந்தாள். நான் போகவில்லை. ஐந்தாவது நாள் செல்வம் பேசினான். நான் ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. எதையோ சொல்ல வந்து சொல்லாமல் பூத்துக்காரரிடம் ஏதோ பேசினான், பிறகு மறுபடி என்னிடம் வந்தான்.

"அக்கா, வயல்ல எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. கதிர் வர்ற நேரமாம். தெருவுல எல்லாம் பேசி, வாய்க்கால் வழியா தூக்கிட்டுப் போனோம். இடுப்பு மட்டும் தண்ணி. நடுவுல நான்தான் கால் தடுக்கிட்டேன்."

"ம்."

"அம்மா நனஞ்சிட்டாங்கக்கா."

இரண்டு வாரம் கழித்து என் அனுமதி தபாலில் வந்தது. கெடு தேதிக்கு ஒரு நாள் முன்னால்.

4

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி முடிந்து புத்தகமாக வந்தது. இரண்டாம் அத்தியாயம் எங்கள் மயானப் பாதை. ஊர் பேரை மாற்றியிருந்தேன். மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். இந்தியாவில் பதில் சொல்லாத அலுவலகம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். வேலை கிடைத்தது, பிறகு குடியுரிமையும். மதுரைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் இங்கே துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மகள் பிறந்தாள். மலர்விழி என்று பெயர் வைத்தோம். பள்ளியில் அதை உடைத்து மலர் ஆக்கி, அதையும் இழுத்து மாலார் ஆக்கிவிட்டார்கள். இப்போது அவளே தன் பெயரை அப்படித்தான் சொல்கிறாள்.

இங்கே வாழ்க்கை ஒழுங்கானது. குப்பைக்குக் கிழமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போக முன்கூட்டி நாள் குறிக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மட்டும் நான் இங்கே இருப்பதே எனக்கு உறைக்கும். செல்வத்தின் வீட்டில் எனக்கென்று பாட்டில் தண்ணீர் வாங்கி வைப்பார்கள். சொந்தத் தம்பி வீட்டில் அந்த பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் எனக்குப் பிடிக்காது.

பண்ணையார் இறந்தார். அவருடைய இரண்டு மகன்களும் அமெரிக்காவில். வயலை யார் பார்ப்பது? கும்பகோணத்து பிளாட் புரோக்கர் ஒருவருக்கு விற்றார்கள். ஒரே கோடையில் வரப்பெல்லாம் போனது, செம்மண் கொட்டினார்கள். வண்ண வண்ணக் கொடி நட்டார்கள், நுழைவில் வளைவு கட்டினார்கள். அனுமதி மளமளவென்று வந்தது. வந்ததோ, பதில் வராததால் வந்ததாக எடுத்துக்கொண்டார்களோ, தெரியாது. அகலமான தார் ரோடு போட்டார்கள். அது எங்கள் தெரு முனையில் தொடங்கி நேரே மூங்கில் புதர் வரைக்கும் போனது.

செல்வம் போனில் துள்ளினான். "அக்கா, நம்ம மயானத்துக்கு ரோடு வந்திருச்சு! யாரும் கேக்கல, யாரும் கொடுக்கல, தானா வந்திருச்சு."

நானும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். பல வருட மனுவும், ரிட்டும், ஒரு புத்தகமும் செய்யாததை ஒரு புரோக்கர் செய்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னேன். "எங்களுக்கு இனிமே சேத்துல எறங்க வேண்டாம்" என்றேன்.

மலர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் அவள் மொழியில் கேட்டாள். "அம்மா, நீ ஏன் எப்பவும் 'எங்களுக்கு'ன்னு சொல்ற? நீ ஒரு தடவைகூட அந்தச் சேத்துல எறங்கினது இல்லையே."

அவள் கொடுமைக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு இலக்கணம் முக்கியம், அவ்வளவுதான். என் கணவர் அவளை அதட்டினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

5

ரோடு வந்து சில வருடத்தில் பிளாட்டுகளில் வீடுகள் எழும்பின. வீட்டுக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். சங்கம் முதலில் போட்ட மனு, குடியிருப்புக்கு நடுவே உள்ள மயானத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது. அந்த மனுவின் நோட்டீஸ்தான் தேர்வுக் குழு நாளில் செல்வம் சொன்னது. மனு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.

நான் போனேன். இந்தத் தடவை என் கையில் பாஸ்போர்ட் இருந்தது, நிறம் மட்டும் வேறு.

விசாரித்த ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், இளம் பெண். பருத்திப் புடவை, தலையில் கொஞ்சம் மல்லிகை. எங்கள் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வாசலில் தயங்கி நின்றபோது அவரே எழுந்து வந்தார். "உள்ள வாங்க, எல்லாரும் உக்காருங்க. நாற்காலி பத்தலன்னா பக்கத்து ரூம்லேர்ந்து எடுத்துட்டு வரச் சொல்றேன்." எங்கள் தெரு ஆட்களுக்கு அரசு ஆபீஸில் யாரும் நாற்காலி போட்டதில்லை. நுனியில் உட்கார்ந்தார்கள்.

நான் எழுந்து, இவர்கள் சார்பில் பேச விரும்புகிறேன் என்றேன்.

"நீங்க வக்கீலாம்மா?"

"இருந்தேங்க. இப்ப ஹாலந்துல சட்டம் சொல்லிக் கொடுக்கறேன்."

"இந்த ஊர்ல குடியிருக்கீங்களா? இங்க ஓட்டு இருக்கா?"

"இல்லைங்க."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாதிக்கப்பட்டவங்க பேசினாத்தான் பதிவுல நிக்கும். உங்க தம்பி பேசட்டும். நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க."

சட்டம் அவர் சொன்னதுதான். நான் மாணவர்களுக்கு நடத்துகிற பாடம்தான் அது. உட்கார்ந்தேன்.

முதலில் சங்கத்தின் சார்பில் ராஜேந்திரன் என்பவர் பேசினார். அறுபது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். "அம்மா, நான் மஸ்கட்ல லாரி ஓட்டுனவன். கல்யாணம், காதுகுத்து எதுக்கும் ஊருக்கு வராம சேத்து இந்த எடத்த வாங்கினேன். வாங்கும்போது புரோக்கர் மயானம்னு சொல்லல, மூங்கில் தோப்புன்னான். இப்ப சன்னலத் தொறந்தா பாடையும் கொட்டுச் சத்தமும். பேரப் புள்ளைங்க ராத்திரி அலறுதுங்க. போர்த் தண்ணிய வாயில வைக்க மனசு வரல. இவங்கள வராதீங்கன்னு சொல்லல. வேற எடம் குடுங்கன்னுதான் கேக்கறோம்."

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். எனக்கு அவரை வெறுக்கத்தான் ஆசை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வராதவர் என்றதும் முடியவில்லை.

பிறகு செல்வம் எழுந்தான். கைலியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அது அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"அம்மா, நாங்க ரோடு கேட்டு எங்க அம்மா காலத்துலேர்ந்து மனு போட்டோம். ஒருத்தரும் கூப்பிட்டுக் கேக்கல. எங்க அம்மாவ வாய்க்கா தண்ணியில தூக்கிட்டுப் போனேன். அப்ப இந்த நாற்காலி எல்லாம் எங்கங்க இருந்துச்சு? இப்ப ரோடு வந்திருச்சு. ரோடு வந்ததும் நீங்க இதுல போகாதீங்கங்கறாங்க. ஐயா சொல்றதும் நெசந்தான், புள்ளைங்க பயப்படும். எங்க புள்ளைங்களும்தான் பயந்துச்சு, நாங்க யார்கிட்ட போய்ச் சொன்னோம்? எங்கப்பாவும் அம்மாவும் அங்க கெடக்காங்க. அவ்வளவுதாங்க."

ஆர்.டி.ஓ. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, அந்தப் பழைய மனுக்களைத் தேடச் சொன்னார். தலைமை எழுத்தர் திரும்பி வந்து, அவை காலம் கடந்த காகிதங்கள் என்று அழிக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார். ஆர்.டி.ஓ. உதட்டைக் கடித்துக்கொண்டார். அதையும் பதிவு செய்தார்.

வெளியே வந்ததும் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்த அம்மா நல்ல மாதிரிதான் தெரியுது. நமக்குத்தான் சாதகமா வரும், இல்ல?"

"பாப்போங்க," என்றேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

6

நான் திரும்பிய இரண்டாம் வாரம் செல்வம் உத்தரவைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பல்கலைக்கழக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதல் தடவை மகளாகப் படித்தேன், ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை பரீட்சைத் தாள் திருத்துகிறவளாகப் படித்தேன்.

இரு தரப்பினரும் கேட்கப்பட்டார்கள் என்று இருந்தது. செல்வம் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் பதிவாகியிருந்தது, வாய்க்கால் தண்ணீர் உட்பட. முந்தைய மனுக்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படாதது வருந்தத்தக்கது என்றுகூட ஒரு வரி. காரணங்கள் எண் போட்டுச் சொல்லப்பட்டிருந்தன: குடியிருப்பு நெருக்கம், குடிநீர், சுகாதாரம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. ஆற்றங்கரைப் புறம்போக்கில் புதிய மயானம் ஒதுக்கப்படுகிறது. எரிமேடை, கைபம்பு, சுற்றுச்சுவர். பழைய மயானம் இனிப் பயன்பாட்டில் இருக்காது. மேல்முறையீடு செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதும் கடைசியில் இருந்தது.

புதிய மயானத்துக்குப் பாதை வசதியும் உண்டு.

கூப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். காரணம் சொல்லியிருந்தார்கள். காலத்துக்குள் முடித்திருந்தார்கள். இத்தனை வருடம் நான் எழுதியும் பேசியும் கேட்டதெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இருந்தது. என் மாணவன் யாராவது இப்படி ஒரு உத்தரவு எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

செல்வம் போன் செய்தான். "படிச்சியாக்கா? ஏதாவது ஓட்டை இருக்கா?"

"இல்லடா."

"அப்பீலு?"

"போடலாம். நிக்காது. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு."

"ஓ," என்றான். பிறகு, கோபமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் கேட்டான்: "அப்ப சரியா எழுதணும்னா அவங்களுக்கு எழுதத் தெரியும், இல்லக்கா? நம்ம அம்மாவுக்கு மட்டுந்தான் எழுதல."

அவன் டிராக்டர் வாடகை விஷயமாக யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.

தெருக்காரர்கள் எதிர்க்கவில்லை. எதிர்த்து என்ன ஆகப்போகிறது என்றார்கள். புதுப் பாதையில் முதலில் போனது எதிர் வீட்டு நடேசன் சித்தப்பா. காலில் சேறு படாமல் சௌகரியமாகத்தான் இருந்தது என்று செல்வம் சொன்னான். அடுத்த மாதம் பழைய மேட்டைச் சங்கத்துக்காரர்கள் சமப்படுத்திப் பூங்கா ஆக்கினார்கள். யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் ஏதும் கிடையாது, மூங்கில் புதரும் போய்விட்டது. செல்வம் மட்டும் ஒரு கணக்கு வைத்திருக்கிறான், தெற்கு ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று. அங்கே இப்போது ஊஞ்சல் போட்டிருக்கிறார்களாம்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை ஊஞ்சலில் உயரத்தில் இருக்கிறது, வாயெல்லாம் சிரிப்பு. கீழே ராஜேந்திரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார், விழுந்தால் பிடித்துக்கொள்ள.

அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். எனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும். பண்ணையார் செத்துவிட்டார். வி.ஏ.ஓ.க்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். கவுண்டரில் எனக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணைத் திட்ட முடியாது. ஆர்.டி.ஓ. அம்மாவைத் திட்ட முடியாது. அந்தக் குழந்தையை நிச்சயமாக முடியாது. தேடித் தேடிப் பார்க்கிறேன், மிஞ்சியிருக்கிற ஒவ்வொருவரும் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள்.